ஒற்றைக் காதுக்கு எலும்பு வழிக் கருவி: வாங்கும் முன் போட்டுப் பார்த்தோம்

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துக்கு முன்னால் ஒரு குழுவிலிருந்து கடன் விண்ணப்பம் ஒன்று கூட்டமைப்புக்கு வந்தது. மாடு வாங்க, தறி ரிப்பேர் செய்ய, மகள் காலேஜ் பீஸ் கட்ட என்று வரும் விண்ணப்பங்களுக்கு நடுவில், "காதுக்கு எலும்பு வழிக் கருவி வைக்க" என்று இதில் எழுதியிருந்தது. செயலாளர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "எலும்புல எப்படீங்க காது கேக்கும்? ஏதாவது ஏமாத்து வேலையா இருக்கப் போகுது. நீங்க விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்று எங்களிடம் கொடுத்துவிட்டார்.

விசாரித்தோம். அந்த அக்காவோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போய் வந்தோம். கருவியை வாங்காமல், கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தோம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அக்காவின் சம்மதத்தோடுதான் பேசுகிறோம். பெயரும் குழுவும் வேண்டாம் என்றார். தறி ஓட்டுகிறவர் என்பதால் தறிக்கார அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் செயலாளர் கேட்ட கேள்வி. எலும்பில் காது கேட்குமா? எல்லோரும் இரண்டு காதையும் ஆள்காட்டி விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று சொல்லுங்கள். (கூட்டத்தில் சிரிப்பு.) காதை அடைத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும்? அதற்கு மாறாகப் பெரிதாகக் கேட்கிறது அல்லவா? அந்தச் சத்தம் காதுத் துளை வழியாக வரவில்லை. தாடை எலும்பும் மண்டை எலும்பும் அதிர்ந்து, நேராக உள்காதுக்குப் போகிறது. முறுக்கு கடித்தால் பக்கத்தில் இருப்பவரைவிட நமக்குச் சத்தம் அதிகமாகக் கேட்பதும் இதனால்தான். மின்விளக்கு, கிராமபோன் என்றால் எடிசன் பெயரைச் சொல்வோம். அவருக்குக் காது மந்தம். கிராமபோனின் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பாராம். ஆக இது ஏமாற்று வேலை இல்லை.

நம் காதுக்குள் சத்தம் போக இரண்டு தடம் இருக்கிறது. ஒன்று காற்று வழி. காதுத் துளை, செவிப்பறை, அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்பு, அதையும் தாண்டினால் நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருக்கும் உள்காது. இந்த நத்தை ஓட்டை டாக்டர்கள் காக்ளியா என்கிறார்கள். அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அதுதான். இரண்டாவது தடம் எலும்பு வழி. அது துளையும் பறையும் இல்லாமல் நேரே காக்ளியாவுக்குப் போய்விடும்.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து பறையில் ஓட்டை விழுந்தவர்கள், பிறவியிலேயே காதுத் துளை மூடியிருக்கும் குழந்தைகள் ஆகியோருக்கு முதல் தடம் கெட்டிருக்கும், காக்ளியா நன்றாக இருக்கும். அவர்களுக்கு எலும்பு வழிக் கருவி அந்தக் காதிலேயே கேட்க வைக்கும். தறிக்கார அக்காவின் நிலைமை வேறு. அவருக்கு இடது காதில் காக்ளியாவும் நரம்புமே வேலை செய்யவில்லை. அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய மெஷின் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாலும் வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. ஒரு கடையில் அவருக்குச் சாதாரண காது மெஷினை இடது காதில் மாட்டிவிட்டு, "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாள் போட்டாலும் அப்படிப்பட்ட காதில் அது பழகாது.

அப்படியானால் எலும்பு வழிக் கருவி அவருக்கு என்ன செய்யும்? இடது காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு எலும்பில் கருவியை வைப்பார்கள். இடது பக்கம் யாராவது பேசினால் கருவியின் மைக் அதைப் பிடித்து அதிர்வாக மாற்றும். மண்டை எலும்பில் அதிர்வு அதிகம் குறையாமல் அந்தப் பக்கம் போய்ச் சேரும். வலது காக்ளியா அதைக் கேட்கும். அதாவது கெட்ட காது சரியாவதில்லை. கெட்ட பக்கத்துச் சத்தம் நல்ல காதிடம் போய்ச் சேருகிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சொல்லப்போனால் அக்காவுக்கே இது மூன்றாவது தடவை போனபோதுதான் புரிந்தது. "அப்ப இது எடது காதுக்கு இல்லீங்களா?" என்று கேட்டார்.

ஒரு காது நன்றாக இருக்கும்போது என்ன கஷ்டம் என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்காரரே அப்படித்தான் நினைத்தார். நம் தலையே ஒரு சுவர் மாதிரி. இடது பக்கம் பேசினால், அ, ஆ, ஓ போன்ற ஓசைகள் தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு வந்துவிடும். ச், த், ப், க் போன்ற கூரிய ஓசைகளைத் தலை மறைத்துவிடும். ஆகவே யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. முன்னூறா நானூறா, அறுபதா எழுபதா என்று குழம்பும். அமைதியான வீட்டில் சமாளித்துவிடலாம். பத்துப் பேர் பேசும் இடத்தில் முடியாது.

தறிக்கார அக்கா தன் குழுவின் பிரதிநிதி. வங்கியில் இடது பக்கம் உட்கார்ந்த அலுவலர் சொன்ன தவணைத் தொகையை வேறு மாதிரி கேட்டுக்கொண்டு வந்து கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். பின்னால் கணக்கு இடித்தது. "கூப்பிட்டாத் திரும்பறதில்ல, பிரதிநிதி ஆனதும் தலக்கனம் வந்துருச்சு" என்று பேச்சு வந்தது. பிரதிநிதியை மாற்றிவிடலாம் என்று தீர்மானம் எழுதும் வரைக்கும் போய்விட்டது. அவர் யாரிடமும் காதைப் பற்றிச் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், குடும்பத்தில் காது நோய் என்று பேச்சு வந்துவிடும் என்று பயம்.

அவருக்குக் காது போன கதையை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். இன்று நாங்கள் சொல்வதில் இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போனாலும் போதும். ஒரு நாள் விடியற்காலை எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது, உள்ளே "கொய்ங்" என்று இரைச்சல், லேசாகத் தலைசுற்றல். சளி என்று நினைத்தார். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டார்கள். தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்ததால் லீவு போட முடியவில்லை. அடுத்து மாரியம்மன் நோம்பி வந்தது, ஒறம்பரை வந்தார்கள். மூன்று வாரம் ஓடிவிட்டது. டாக்டரிடம் போனபோது, "முதல் வாரமே வந்திருக்கணும்மா" என்றார்.

அழுக்கும் சளியும் இல்லாமல், மூன்று நாளைக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் ஒரு காது மந்தமானால் அது திடீர்க் கேள்வி இழப்பு. இது அவசர நோய். மாரடைப்புக்கு ஓடுவது போல இதற்கும் ஓட வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களில் தொடங்கினால் கேள்வி திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்குத் தானாகவே திரும்பும். யாருக்குத் திரும்பும் என்று முன்னாடியே சொல்ல முடியாததால் யாரும் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

சளியா நரம்பா என்று வீட்டில் ஒரு குறிப்புப் பார்க்கலாம். முதலில் செய்தோமே, "ம்ம்ம்", அதை இப்போது காதை அடைக்காமல் செய்யுங்கள். அடைத்த காதின் பக்கம் சத்தம் அதிகமாகக் கேட்டால் அழுக்கு, சளி, நீர் போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் கேட்டால் நரம்புக் கோளாறாக இருக்கலாம், அன்றைக்கே கிளம்புங்கள். இது டாக்டர் பரிசோதனைக்கு மாற்று இல்லை. ஆஸ்பத்திரியிலும் இதையேதான் இசைக்கவை என்னும் இரும்புக் கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்க்கிறார்கள். கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

படித்தவர்கள், வசதியானவர்களுக்கும் இது வரும். 2024 ஜூன் மாதம் இந்திப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்தை விட்டு இறங்கி நடந்தபோது திடீரென்று எதுவுமே கேட்கவில்லை என்று அவரே வெளியில் சொன்னார். வைரஸ் தாக்கியதால் வந்த நரம்புக் கேள்வி இழப்பு என்று டாக்டர்கள் சொன்னார்களாம். அதிகச் சத்தமும் ஹெட்போனும் வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார்.

குழந்தைகளுக்கு ஒரு காது போவதற்குப் பொன்னுக்கு வீங்கி ஒரு முக்கியக் காரணம். கன்னம் வீங்கி வற்றிவிட்டது என்று விட்டுவிடுவோம், ஒரு காது கேட்காததைக் குழந்தை சொல்லாது, அதற்கே தெரியாது. 2017-ல் பள்ளிகளில் போட்ட தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. வீக்கம் வற்றியதும் போனை ஒரு காதில் வைத்து, பிறகு அடுத்த காதில் வைத்துப் பேச வைத்துப் பாருங்கள்.

இனி கருவிக்கு வருவோம். இதன் மூலக் கதை சுவீடன் நாட்டில் இருக்கிறது. அங்கே பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், டைட்டானியம் என்ற உலோகம் எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்வதை 1950-களில் கண்டார். முதலில் அதைப் பல் கட்டுவதற்குத்தான் பயன்படுத்தினார்கள். 1977-ல் கோதன்பர்க் நகரில் டாக்டர் செல்ஸ்ட்ரோம் அதே உலோகத்தில் சின்னத் திருகாணி செய்து, காதுக்குப் பின்னால் எலும்பில் பொருத்தி, அதன் மேல் கேட்கும் கருவியை மாட்டினார். ஒற்றைக் காது கேட்காதவர்களுக்கும் பொருத்தலாம் என்று அமெரிக்க அரசு 2002-ல் அனுமதி கொடுத்தது. இப்போது தோலுக்கு அடியிலேயே வைத்துவிட்டு வெளியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகைகளும் வந்துவிட்டன. அறுவைச் சிகிச்சையே இல்லாமல் தலைப்பட்டையில் கோத்து மாட்டும் வகையும், ஸ்டிக்கர் போல ஒட்டும் வகையும் இருக்கின்றன.

அந்தத் தலைப்பட்டைதான் நமக்கு முக்கியம். அறுவை செய்யும் முன்பே, அது எப்படி இருக்கும் என்று போட்டுப் பார்க்க அது வழி கொடுக்கிறது. புடவை எடுக்கப் போனால் பத்து புடவை பிரித்துப் பார்க்கிறோம். லட்சக் கணக்கில் ஆகும் கருவியை ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி அறையில் போட்டுப் பார்த்துவிட்டா முடிவு செய்வது?

முதல் தடவை போனபோது சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். வலது காதைச் சிவப்பு வட்டமாகவும் இடது காதை நீலப் பெருக்கல் குறியாகவும் போடுவார்கள். அக்காவின் நீலக் குறிகள் எல்லாம் அடியில் கிடந்தன. சிவப்பு வட்டங்கள் மேலே ஒழுங்காக வந்து, 4000 என்று போட்டிருந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். ஆடியாலஜிஸ்ட் பார்த்தவுடனேயே, "நீங்க தறிக்குப் போறீங்களா, மில்லுக்கா?" என்று கேட்டார். சத்தத்தால் கெடும் காது முதலில் அந்த இடத்தில்தான் இடிந்து விழுமாம். நாங்கள் பயந்துபோனோம். இந்தக் கருவி நல்ல காதை நம்பித்தான் இருக்கிறது. ஒற்றைக் காதுக்காரருக்கு இதைப் பொருத்த நல்ல காதின் சராசரி 20 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அக்காவுக்கு நல்லவேளையாக உள்ளே இருந்தது. இன்னும் பத்து வருஷம் இப்படியே தறிச் சத்தத்தில் நின்றால் இருக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது தடவை ஸ்கேன் முடிவோடு போனோம். ஒரு காது மட்டும் கெட்டால் காது நரம்பில் கட்டி எதுவும் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது வழக்கம். கட்டி இல்லை. அன்றைக்குத்தான் பட்டையைப் போட்டார்கள். ரப்பர் மாதிரி இழுபடும் துணிப்பட்டை, அதில் தீப்பெட்டியைவிடச் சின்னக் கருவி. ஆடியாலஜிஸ்ட் அக்காவின் இடது பக்கம், முகம் தெரியாமல் நின்றுகொண்டு மெதுவாக ஊர்ப் பெயர்களைச் சொன்னார். பல்லடம், சூலூர், அவினாசி, அன்னூர். கருவி இல்லாமல் சொன்னபோது பாதிக்கு மேல் தப்பு. கருவியோடு எல்லாம் சரி. "அக்கட்ட பேசறது இக்கட்ட கேக்குதுங்க" என்றார் அக்கா. வலது கையால் வலது காதைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

முன்பணம் கட்டினால் பத்து நாள் வீட்டுக்குக் கொடுப்போம் என்றார்கள். எல்லா இடத்திலும் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டோம். எந்த இடம், யார் பேசினார்கள், எந்தப் பக்கம் இருந்து, புரிந்ததா, தலை வலித்ததா. எழுத அக்காவுக்குச் சோம்பல், மகள்தான் எழுதினாள்.

குழுக் கூட்டத்தில் நன்றாகக் கேட்டது. இடது கோடியில் உட்கார்ந்த அம்மா சந்தாப் பாக்கி பற்றி முணுமுணுத்ததுகூடக் கேட்டுவிட்டது, அதற்கு அக்கா பதிலும் சொல்லிவிட்டார். வங்கியில் நன்றாகக் கேட்டது. வீட்டில் சமையல் செய்யும்போது பேரக்குழந்தை இடது பக்கம் வந்து கூப்பிட்டால் கேட்டது. ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசினால் பரவாயில்லை.

பஸ்ஸில் அவ்வளவு சரியில்லை. இடது பக்கம் ஜன்னல் இருந்தால் ரோட்டுச் சத்தம் முழுவதையும் கருவி வாரிக் கொண்டு வந்து நல்ல காதில் கொட்டியது. வலது பக்கம் உட்கார்ந்து பேசியவர் பேச்சையும் அது அமுக்கிவிட்டது. வாரச் சந்தையிலும் அப்படியே. தறிக்குடோனில் பத்து நிமிஷம்தான். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தறிச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும் இடத்தில் மைக் வைத்த கருவி எதுவும் வேலைக்கு ஆகாது, ஆகவும் கூடாது.

ரோடுதான் எங்களைக் கவலைப்பட வைத்தது. நாலாவது நாள் அக்காவோடு பஸ் நிறுத்தத்தில் ரோட்டைக் கடந்தோம். இடது பக்கமிருந்து லாரி ஹாரன் அடித்தது. அக்காவுக்கு ஹாரன் நன்றாகக் கேட்டது. ஆனால் வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டி இல்லை என்று காலை எடுத்து வைத்தார். கையைப் பிடித்து இழுத்தோம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எதில் அதிகமாகக் கேட்டது என்று பார்க்கும். வேலை செய்வது ஒரே ஒரு காக்ளியா என்றால் ஒப்பிட ஆள் இல்லை. இந்தக் கருவி திசையைத் திருப்பிக் கொடுக்காது. இதை விற்பவர்கள் முதலில் சொல்ல மாட்டார்கள், நாம் கேட்டால்தான் சொல்வார்கள். ஒற்றைக் காதுக்காரர்கள், கருவி போட்டாலும் போடாவிட்டாலும், ரோட்டில் காதை நம்பக் கூடாது. இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

பட்டை இறுக்கியதில் மூன்று நாள் தலைவலி. தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் வழுக்கியது. வெயிலில் வியர்த்துக் கசகசத்தது. காதுக்குள் இருந்த இரைச்சல் அப்படியேதான் இருந்தது. தோலுக்கு மேல் வைப்பதால் கூரிய ஓசைகள் கொஞ்சம் மழுங்கும், அறுவை செய்து திருகாணி வைத்தால் இதைவிடத் தெளிவாகக் கேட்கும் என்று ஆடியாலஜிஸ்ட் சொன்னார். உண்மைதான். ஆனால் திருகாணி தோலைத் துளைத்து வெளியே வரும் வகை என்றால் தினமும் சுற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் புண்ணாகும். பஞ்சுத் தூசியில் நிற்கும் பெண்கள் இதையும் யோசிக்க வேண்டும். இன்னொன்று: இந்தக் கருவிகளில் போடும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது பணம். ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கிவிட்டால் அரசு கொடுக்கும் என்று பலர் சொன்னார்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறைபாட்டை இரண்டு காதையும் வைத்துத்தான் சொல்கிறது. இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருக்க வேண்டும். சதவீதம் போடும் கணக்கிலும் நல்ல காதுக்கு ஐந்து பங்கு, கெட்ட காதுக்கு ஒரு பங்கு. ஒரு காது முழுக்கப் போய், மறு காது நன்றாக இருந்தால், நூறை ஆறால் வகுத்தால் எவ்வளவு? பதினேழுகூட வராது. சலுகைகளுக்கு 40 கேட்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இரண்டு காதும் கேட்காத சிறு குழந்தைகளுக்கு உரியது. ஒரு காது போனவர் பாதிச் செவிடு, அதனால் பாதி உதவியாவது கிடைக்கும் என்று நினைப்பது நியாயம்தான், சட்டம் அப்படி எழுதப்படவில்லை. இது சரியில்லை என்பது எங்கள் கருத்து. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கும் மில்லில், கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் மட்டும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்க வேண்டும். தறிக்கார அக்காவுக்கு இ.எஸ்.ஐ. இல்லை.

ஆக, சொந்தப் பணம் அல்லது குழுப் பணம். ஆஸ்பத்திரியில் அறுவைக்கும் கருவிக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த தொகை அந்தக் குழு இதுவரை கொடுத்த எந்த உள்கடனையும்விடப் பல மடங்கு. தவணை கட்ட அவர் இன்னும் இரண்டு ஷிப்டு தறி ஓட்ட வேண்டும். தறிச் சத்தம் நல்ல காதைத் தின்னும். நல்ல காது போனால் கருவியும் வீண். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியது நாங்கள் இல்லை, அவர் மகள்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டோம். கிராஸ் என்று ஒரு வகை. இரண்டு மெஷின். கேட்காத காதில் மாட்டுவது மைக், அது கம்பி இல்லாமல் நல்ல காதில் மாட்டும் மெஷினுக்குச் சத்தத்தை அனுப்பும். எலும்பு வழிக் கருவி செய்யும் அதே வேலைதான், திசையும் வராது, ஆனால் அறுவை இல்லை, பட்டை இறுக்கமும் இல்லை. நல்ல காதில் ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது இதன் தொந்தரவு. தனியாரில் விலை அதிகம் சொன்னால் மைசூருக்கும் ஒரு தடவை போய் வரலாம். 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அங்கே இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறினால் சாம்ராஜ்நகர் வழியாகப் போய்விடலாம்.

இதற்கிடையில் காசு செலவில்லாமல் சில வேலைகள் நடந்தன. அக்கா தன் குழுவில் காதைப் பற்றிச் சொல்லிவிட்டார். பிரதிநிதியை மாற்றும் பேச்சு நின்றது. வட்டமாக உட்காரும்போது அவருக்கு இடது பக்கம் சுவர் இருக்கும் மூலையைக் கொடுக்கிறார்கள், எல்லோர் பேச்சும் வலது காதுக்குப் போகிறது. வங்கியில் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குகிறார். பள்ளிக்கூடத்தில் இப்படிக் குழந்தை இருந்தால், நல்ல காது டீச்சர் பக்கமும் வகுப்பின் பக்கமும் இருக்கும்படி முன் வரிசை ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

தறியில் அவர் இப்போது வலது காதில் பஞ்சு வைப்பதில்லை. பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானைச் சுருட்டி உள்ளே வைத்து விரிய விடுகிறார். விலை அதிகம் இல்லை, இரண்டு காதும் நன்றாக இருக்கும் தறிக்காரர்களும் வைத்துக்கொள்ளலாம். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் அந்தக் காதுப் பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

பத்தாவது நாள் பட்டையைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டோம். அறுவை இப்போதைக்கு வேண்டாம் என்பது அக்காவின் முடிவு. "கூட்டத்துக்கும் பேங்குக்கும் நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்கு மாசம் ரெண்டு நாள். மிச்ச நாளெல்லாம் தறியிலயும் ரோட்லயும்தானுங்களே இருக்கறேன்" என்றார். தினமும் பத்துப் பேரிடம் பேசும் வேலையில் இருப்பவர் என்றால், கடை வைத்திருப்பவர், அங்கன்வாடியில் இருப்பவர் என்றால், இதே கருவிக்கு நாங்கள் வேறு மாதிரி சொல்லியிருப்போம். அடுத்த மாதம் கிராஸ் வகையை ஒரு வாரம் வாங்கிப் போட்டுப் பார்க்கப் போகிறார். அதே நோட்டில் அடுத்த பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறாள் மகள். கடன் விண்ணப்பத்தை ரத்து செய்யவில்லை. தொகையை மட்டும் அடித்துவிட்டு, காலியாக வைத்துச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.